துவைக்கக் கூடாத ஸ்வெட்டர்

என் அக்கா புருஷனுக்கு மூக்கு வேலை செய்யாது. பார்க்க நல்ல மூக்குதான். கண்ணாடி வழுக்காமல் நிற்கும். ஆனால் பாதி ஆயுசை எலிக்கூண்டுகளுக்கு நடுவில் கழித்த மனுஷன். எலி மூத்திரத்தின் காரம் ஏறி ஏறி, வாசனை என்கிற சங்கதியே அவரை விட்டுப் போய்விட்டது. அடுப்பில் பால் தீய்ந்தால் புகையைக் கண்ட பிறகுதான் ஓடுவார். "இதுவும் ஒரு வகையில நல்லதுதான் மாப்ள. உன் பக்கத்துல உக்கார முடியுதே" என்பார் என்னிடம். நான் நாள் முழுக்க ஏ.சி. குழாய்களுக்குள் தவழ்ந்து, வேர்த்து வழிந்து வருகிறவன். பதிலுக்கு நானும் ஏதாவது சொல்வேன். மச்சினனுக்கும் அக்கா புருஷனுக்கும் நடுவில் மரியாதை என்பது அப்படித்தான் இருக்கும்.

நாங்கள் இருவரும் வேலை பார்ப்பது ஒரே ஆராய்ச்சிக் கட்டடத்தில். நான் அங்கே ஏ.சி. மெக்கானிக். அவர் கீழ்த்தளத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்கிறவர். கூண்டு கழுவுவது, மரத்தூள் மாற்றுவது, தண்ணீர்ப் புட்டி நிரப்புவது, டாக்டர்கள் ரத்தம் எடுக்கும்போது எலியைப் பிடித்துக் கொடுப்பது எல்லாம் அவர் கை. வாலிப வயதில் அந்த அறைக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்தவராம். கூண்டு ஒன்று கவிழ்ந்து எலி ஒன்று ஓட, எல்லோரும் நாற்காலி மேல் ஏறி நிற்க, இவர் மட்டும் குனிந்து அதை எடுத்து முழங்கை மடிப்பில் வைத்துக்கொண்டாராம். எலி முகத்தைப் புதைத்துக்கொண்டு கம்மென்று இருந்துவிட்டதாம். வந்தவரை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டார்கள். வாட்ச்மேன் முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவர் 'எலிமாமா'. எனக்கு அத்தான்.

அக்காவுக்குப் பெரிய ரோதனை இந்த எலி வாசனை. தான் நாறுகிறோமா இல்லையா என்று அவருக்கே தெரியாதே. அதனால் அக்கா ஒரு சட்டம் போட்டாள். வேலை விட்டு வந்ததும் பின்பக்கக் குழாயடியில் குளித்துவிட்டு, வாசற்படியில் வந்து நிற்க வேண்டும். அக்கா கிட்டே போய்க் கழுத்துப் பக்கம் மோந்து பார்ப்பாள். "ம்... உள்ள வாங்க" என்றால் தேறிவிட்டார். "காதுக்குப் பின்னாடி இன்னும் இருக்கு, போங்க" என்றால் மறுபடியும் குளியல். இந்த மனுஷனும் பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். சில நாள் வாசனை ஒன்றுமே இருக்காது, எனக்கே தெரியும். அப்படியும் அக்கா இரண்டாம் தடவை ஒரு தரம் மோந்து பார்ப்பாள். நான் அங்கே இருந்தால், அந்த நேரம் பார்த்துக் குனிந்து செருப்பைத் தேடுவேன்.

அந்த அக்கா இப்போது மகள் வீட்டில் இருக்கிறாள். மகளுக்குக் கல்யாணமாகி, ஒரு நாள் முழுக்க ரயிலில் போனால் வருகிற பெரிய நகரத்தில் குடித்தனம். பேரப்பிள்ளை பிறந்ததும் ஒத்தாசைக்கு என்று போனாள். "பிள்ளை தலை நிக்கட்டும், வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். தலை நின்றது, உட்கார்ந்தது, ஓடிற்று. திரும்ப வரலாம் என்று பெட்டியை எடுத்த நேரத்தில் மகளுக்கு அடுத்தது உண்டானது. பெட்டியைப் பழையபடி கட்டிலடியில் தள்ளிவிட்டாள். அந்தக் குழந்தையும் பிறந்தது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் பேசுவார்கள். நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். கேட்டால் ரத்தம் கொதிக்கும்.

"அங்க எப்படி இருக்கீங்க?"

"இங்க ஒரு குறையும் இல்ல."

"சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க?"

"ஒரு குறையும் இல்ல."

"ராத்திரி தனியா..."

"சொல்றேன்ல, ஒரு குறையும் இல்ல."

அக்கா மட்டும் லேசுப்பட்டவளா? "எனக்கும் இங்க நல்லாத்தான் பொழுது போகுது" என்று போனை வைப்பாள். குறை இல்லாத அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்கல்லவா தெரியும். ஒரு தட்டு, ஒரு டம்ளர், காலையில் வடித்ததையே ராத்திரியும் போட்டுத் தின்கிற சோறு. சாயங்காலம் குளிப்பார். நாறுகிறதோ என்று சந்தேகம் வந்து மறுபடியும் குளிப்பார். மோந்து சொல்ல ஆள் இல்லை. தெருக்குழாயில் தண்ணீர் வராத நாளில்கூட இரண்டு குளியல்.

"வான்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க வாய் வெந்து போயிடுமா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"சொன்னா வந்துருவா மாப்ள. அதான் சொல்றதில்ல. அங்க பொண்ணு கைக்குழந்தையோட தவிச்சுப் போயிடும்."

"அப்ப நீங்க தவிக்கலையா?"

"எனக்கென்ன, எலிங்க இருக்குதுங்க."

இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் அக்கா எனக்குத் தனியாகப் போன் போட்டாள்.

"என் தையல் மெஷினை இங்க அனுப்பிடுடா. அங்க சும்மாதானே கெடக்கு."

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கால்மிதி மெஷின் அக்காவின் உயிர். முதல் சம்பாத்தியத்தில் வாங்கியது. பக்கத்து வீட்டுக்காரிகூட அதைத் தொட முடியாது. அதை ஏற்றி அனுப்பினால் அர்த்தம் ஒன்றே ஒன்றுதான்: அவள் இனி இந்த வீட்டுக்குத் திரும்பி வரப்போவதில்லை.

"அத்தான்கிட்ட கேட்டியா?"

"கேட்டேனே. 'தாராளமா அனுப்பலாம், இங்க ஒரு குறையும் இல்ல'ன்னாரு." பிறகு சொன்னாள்: "ஒரு குறையும் இல்லாத வீட்டுக்கு நான் எதுக்குடா?"

அந்தப் பக்கம் சரக்கு ஏற்றிப் போகிற வேன்காரன் ஒருவன் எனக்குச் சிநேகிதன். வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டி போகிறது, ஏற்றிக்கொள்கிறேன் என்றான். சரி என்றேன். வேறென்ன சொல்ல? புருஷனும் பெண்டாட்டியும் பேசி முடித்துவிட்டார்கள்; இடையில் நான் யார்?

அந்த வாரம்தான் எலிகளுக்குச் சனி பிடித்தது.

அத்தான் பார்த்துக்கொண்டிருந்த எலிகள் டாக்டரம்மாவுடையவை. வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, மூளையைப் பற்றிப் படித்தவர். சதா தூக்கம் கெட்ட கண்ணும், காதில் செருகிய பேனாவுமாக இருப்பார். கவலையும் பயமும் நாள்பட நாள்பட மூளைக்குள் இருக்கிற ரசாயனத்தை என்ன செய்கின்றன என்பது அவருடைய ஆராய்ச்சி. ஒரு வரிசை எலிகளைத் தினமும் கொஞ்ச நேரம் குறுகலான பிளாஸ்டிக் குழாயில் விடுவார்கள். வலி கிடையாது, ஆனால் திரும்ப முடியாது. இன்னொரு நாள் மரத்தூளை நனைத்து வைப்பார்கள். வேறொரு நாள் கூண்டைச் சாய்த்து வைப்பார்கள். என்ன வரும், எப்போது வரும் என்று தெரியாத கஷ்டம். எதிர் வரிசை எலிகளுக்கு இதெல்லாம் இல்லை, தின்னலாம், தூங்கலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தானே வித்தியாசம் தெரியும்? அத்தான் இரண்டு கோஷ்டிக்கும் பேர் வைத்திருந்தார்: கஷ்டக்காரர்கள், சும்மாக்காரர்கள்.

ஆராய்ச்சி ஆரம்பித்த புதிதில் ஏணி மேல் நின்றுகொண்டு டாக்டரம்மாவிடம் கேட்டேன். "வாயில்லா ஜீவனைப் போட்டு எதுக்கும்மா இந்தப் பாடு படுத்துறீங்க?"

அவர் கோபப்படவில்லை. "உங்க ஏ.சி. எப்படித் தானா நிக்குது?" என்று திருப்பிக் கேட்டார்.

"ரூம் குளுந்ததும் சென்சாருக்குத் தெரியும். அது கம்ப்ரசரை நிறுத்தும்."

"மூளையிலயும் அப்படி ஒரு சென்சார் இருக்கு. பயம் வந்தா உடம்பு ஒரு ஹார்மோனை ரத்தத்துல விடும். ஓடறதுக்குத் தெம்பு வேணுமில்ல? அது மூளைக்குப் போய்ச் சேர்ந்ததும், அந்தச் சென்சார் 'போதும், நிறுத்து'ன்னு சொல்லும். கொஞ்ச நேரக் கஷ்டம்னா இதெல்லாம் ஒழுங்கா நடக்கும். கஷ்டம் நாள் கணக்குல நீண்டுக்கிட்டே போனா, சென்சார் தேய ஆரம்பிக்குது. பயப்பட வேண்டியது எதுவும் இல்லாதப்பகூட ஹார்மோன் வடியாது."

"கம்ப்ரசர் ஓடிக்கிட்டே இருக்கும்."

"ஓடிக்கிட்டே இருக்கும். மனசுக்குத் தெம்பு குடுக்கிற மத்த ரசாயனங்களும் அதோட சேர்ந்து தடுமாறும். மனுஷனுக்கு வர்ற மனக்கஷ்டத்துக்கு மருந்து தேடணும்னா, முதல்ல இதைப் புரிஞ்சுக்கணும்."

சென்சார் போன மெஷினை நான் எத்தனை பார்த்திருக்கிறேன். பார்க்க ஒன்றும் தெரியாது. அமைதியாக ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் மோட்டார் சுருள் கருகி நிற்கும்.

சனி பிடித்தது என்றேனே, அது இதுதான். எலியின் வால் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, அந்த ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்று அவ்வப்போது பார்ப்பார்கள். கஷ்டக்காரர்களுக்கு ஏறியிருக்கும், சும்மாக்காரர்களுக்கு இறங்கியிருக்கும். திடீரென்று சும்மாக்காரர்களுக்கும் ஏறிவிட்டது. அத்தான் என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். முகம் செத்திருந்தது.

"சும்மாக்காரங்க நான் போனா மூலையில ஒண்டிக்குதுங்க மாப்ள. மீசைகூட ஆட மாட்டேங்குது. கையில எடுத்தா புழுக்கையாப் போட்டுத் தள்ளுதுங்க."

"வயித்துக்குச் சேராததைத் தின்னிருக்கும்."

"வெளையாடாத. என்னைப் பார்த்துப் பயப்படுதுங்க. என்னை!"

முதல் பழி என் தலையில் விழுந்தது. மனுஷக் காதுக்குக் கேட்காத சத்தம்கூட எலிக்குக் கேட்குமாம். உங்கள் ஏ.சி. ப்ளோயர் கத்துகிறதா பாருங்கள் என்றார் டாக்டரம்மா. பெல்ட்டை மாற்றினேன். நல்ல பேரிங்கையும் கழற்றிப் புதிது போட்டேன். ஏ.சி. குழாய்க்குள் தலைகீழாகத் தொங்கித் தூசி தட்டினேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அப்படியே இருந்தது.

"என் மெஷின் மேல குத்தம் இல்லம்மா. நான் வேணா தாலாட்டுப் பாடட்டா?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "சத்தம் இல்லன்னா வாசனை. எலி கண்ணை விட மூக்கைத்தான் நம்பும். எலிமாமா, சோப்பு மாத்தினீங்களா? தலைக்கு ஏதாவது புதுசாத் தடவறீங்களா?"

"இல்லம்மா."

"புதுசா ஆம்பளைங்க யாராவது உள்ள வந்தாங்களா? ஆம்பளை வாசனை பட்டாலே எலிக்கு உடம்பு விறைச்சுக்கும்."

"ஆம்பளைன்னா நான் ஒருத்தன்தான். நான் எப்பவும் வர்றவனாச்சே."

"அதான் புரியல. உங்களைக் கண்டு அதுங்க எப்பவும் பயந்ததே இல்லையே."

"அத்தான் ஆம்பளைங்கிறதை இப்பதான் கண்டுபிடிச்சிருக்குங்க போல" என்றேன். அதற்கும் யாரும் சிரிக்கவில்லை. காரணம் தெரியாவிட்டால் இந்த எலிகளை வைத்து மேற்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் புது எலிகளோடு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. "அப்ப இதுங்க?" என்று அத்தான் கேட்டார். டாக்டரம்மா காதிலிருந்த பேனாவை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, எலி அறைக்கு முன்னால் இருக்கிற உடை மாற்றும் அறையில், கூரைப் பலகையைத் தள்ளிவிட்டு ஃபில்டர் மாற்றிக்கொண்டிருந்தேன். அத்தான் வந்தார். மேலே நான் இருப்பதைப் பார்க்கவில்லை. பையைத் திறந்து எதையோ எடுத்தார். உதறினார். சட்டைக்கு மேல் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் கட்டடத்தில் கொடுக்கிற வெள்ளைக் கோட்டை மாட்டப் போனார்.

கையில்லாத ஒரு பழுப்பு ஸ்வெட்டர். பொம்பளை ஸ்வெட்டர். பொத்தான்களில் ஒன்று மட்டும் பச்சை. அந்தப் பச்சைப் பொத்தான் என் பழைய சட்டையிலிருந்து அக்கா பிடுங்கித் தைத்தது. எனக்கு மறக்குமா?

"அத்தான், அது அக்காவோடது இல்ல?"

துள்ளிவிட்டார் மனுஷன். "ஏன்டா பல்லி மாதிரி மேல ஒட்டிக்கிட்டு..."

"அதை எதுக்குப் போடுறீங்க?"

"குளுருது."

"உங்களுக்குத்தான் புதுக் கம்பளிச் சட்டை குடுத்தாங்களே?"

"அது குத்துது."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஏணியை விட்டு இறங்கினேன். "எங்க, அக்கா மாதிரி நான் ஒரு தடவை மோந்து பார்க்கட்டா?" என்று கேலியாகக் காலரைப் பிடித்து இழுத்து மோந்தேன்.

எலுமிச்சை வாசனை அடித்தது.

"இது எங்க வீட்டு சோப்புத் தூள் வாசனையாச்சே. எப்பத் துவைச்சீங்க?"

"துவைக்கிறதா? இதை நான் துவைக்கவே மாட்டேனே."

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. போன வாரம் என் பெண்டாட்டி அவர் வீட்டுக்குப் போய்ப் போர்வை, படுக்கை விரிப்பு எல்லாம் அள்ளி வந்து துவைத்துக் காயவைத்து, திரும்ப அதது இடத்தில் வைத்துவிட்டு வந்தாள். அந்த அள்ளலில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய இதுவும் போயிருக்கிறது. சாயங்காலம் அவளைக் கேட்டேன். "ஆமா, அழுக்கேறித் தொங்குச்சு. புண்ணியமாப் போகட்டும்னு அலசிப் போட்டேன். அது துவைக்கக் கூடாத துணின்னு எனக்கு யாரு சொன்னா?" என்றாள். சொன்னவள் பிறகு சமையற்கட்டுக்குள் போய் மூக்கைச் சிந்தினாள்.

ஆனால் அது சாயங்காலம். காலையில் அந்த அறையில், என் பெண்டாட்டி துவைத்திருப்பாள் என்று நான் சொன்னதைக் கேட்டதும், அத்தான் ஸ்வெட்டரைக் கழற்றினார். முகத்தில் வைத்து அழுத்தி மூச்சை இழுத்தார். அவருக்கு என்ன தெரியப்போகிறது? பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு எப்பவுமே ஒண்ணும் தெரியாது மாப்ள. அவ வாசனை அதுல இருக்குதுன்னு நெனச்சுத்தான் போட்டுக்குவேன்."

"எப்பலேர்ந்து?"

"அவ ரயில் ஏறின மறுநாள்லேர்ந்து."

அவர் அந்தப் பச்சைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். தனக்குள்ளே பேசுகிற மாதிரி சொன்னார்:

"இத்தனை நாளும் இருந்திருக்கு. போனது எனக்குத் தெரியல. எலிங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

எழுந்தார். ஸ்வெட்டரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நேரே டாக்டரம்மாவின் அறைக்கு நடந்தார். எலி அறைக்குள் வெளித்துணி போட்டுப் போகக் கூடாது என்பது கண்டிப்பான விதி. அதைச் சொன்னால் வேலைக்கே உலை. பின்னாலேயே ஓடினேன், "அத்தான், யோசிச்சுப் பேசுங்க" என்று. கேட்டால்தானே.

டாக்டரம்மா ஸ்வெட்டரைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார், அவர் சொன்னதை முழுக்கக் கேட்டார். அன்றைக்கு அத்தானை வெளியே நிறுத்திவிட்டுத் தானே உள்ளே போய் எலிகளைப் பிடித்து ரத்தம் எடுத்தார். அடுத்த நாளும் அப்படியே. சும்மாக்காரர்களுக்கு இறங்கியிருந்தது.

"இதை வெச்சு மட்டும் அடிச்சுச் சொல்ல முடியாது" என்றார். "ஆனா பொருந்தி வருது. ஆம்பளை வாசனைக்குப் பக்கத்துல பொம்பளை வாசனையும் இருந்தா எலிக்குப் பயம் குறையும். அவங்க உங்க கூடவே உள்ள வந்துக்கிட்டு இருந்திருக்காங்க, எலிமாமா."

அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்க செஞ்சது தப்பு. தெரியுமில்ல?"

"தெரியும்மா."

"இனிமே கட்டடத்து உடுப்பு மட்டும்தான். உள்ள போனதும் எதையும் தொடாதீங்க. கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்க. நீங்க தனியா எப்படி இருப்பீங்கன்னு அதுங்க பழகிக்கட்டும். பழகிட்டா பயம் தானா இறங்கும். எலிங்களை மாத்த வேண்டாம்." பேனாவைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார்: "அவங்க எப்பத் திரும்பி வருவாங்க?"

"இங்க ஒரு குறையும் இல்லம்மா" என்றார் இவர், பழக்க தோஷத்தில்.

"அதை எலிங்க ஒத்துக்கலையே" என்றார் டாக்டரம்மா.

ஞாயிற்றுக்கிழமை வேன் வந்து வாசலில் நின்றது. நான் உள்ளே போனால், கூடத்தின் நடுவில் மெஷின் கட்டித் தயாராக நிற்கிறது. என்ன கட்டு தெரியுமா! சக்கரத்துக்குத் தனியாக, கால்மிதிக்குத் தனியாக, பழைய போர்வையைக் கிழித்துச் சுற்றி, மேலே சாக்குப் போட்டு, கயிறு இழுத்து... பிள்ளையைக் குளிருக்குப் போர்த்தி அனுப்புகிற மாதிரி. மெஷின் நின்ற ஜன்னலோர இடத்தில் தரை மட்டும் வெளுப்பாக, நான்கு காலின் தடத்தோடு இருந்தது. அத்தான் அதை மிதிக்காமல் சுற்றி நடந்தார்.

"தூக்கட்டுமா?" என்றேன்.

"இரு, தண்ணி குடிச்சிட்டு வரேன்."

குடித்தார். மறுபடியும் குடித்தார். வெளியே வேன்காரன் ஹாரன் அடித்தான். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அக்கா. அத்தானுக்குக் கொஞ்சம் காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"வண்டி வந்துருச்சா? ஊசியைக் கழட்டினீங்களா?"

"கழட்டிட்டேன்."

"அப்புறம்... அங்க எப்படி?"

அத்தான் வாயைத் திறந்தார். என்ன வரப்போகிறது என்று எனக்கு மனப்பாடம். வேனைப் பார்த்துத் திரும்பிவிட்டேன்.

"இங்க ஒரு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"ஒரு என்ன?"

"ஒரு ஸ்வெட்டர் இருந்துச்சு. உன்னோடது."

"அந்தப் பச்சைப் பொத்தானா? அதை இன்னுமா வெச்சிருக்கீங்க? கரித்துணிக்குப் போடுங்க."

"நான் போட்டுக்கிட்டிருந்தேன்."

"என்னது?"

"வேலைக்குப் போறப்ப, கோட்டுக்கு உள்ள. உன் தம்பி பொண்டாட்டி தெரியாம துவைச்சிடுச்சு. இப்ப எலியெல்லாம் என்னைப் பார்த்துப் பயப்படுது."

அந்தப் பக்கம் அக்கா சிரித்த சிரிப்பில் கைக்குழந்தை எழுந்து அழுதுவிட்டது. "அய்யோ, பொம்பளை ஸ்வெட்டரையா! ஊரே சிரிக்குமே! ஏங்க, அப்ப உங்க எலிங்களுக்கு நான் வேணுமாக்கும்?"

"ஆமா, எலிங்களுக்கு வேணும்."

குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"எலிங்களுக்கு மட்டும்தானா?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் குனிந்து செருப்பைத் தேடினேன். காலில்தான் இருந்தது, இருந்தாலும் தேடினேன்.

"குளிச்சிட்டு வந்து படியில நிக்கிறேன்" என்றார். "தினமும் நிக்கிறேன். உள்ள வான்னு சொல்ல ஆள் இல்ல. போதுமா, இன்னும் குளிக்கணுமான்னு எனக்கு எப்படித் தெரியும்? நீ சொல்லாம எனக்குத் தெரியாது. குறைதான். இங்க எல்லாமே குறைதான்."

வேன்காரன் மறுபடியும் ஹாரன் அடித்தான். வாயில் வந்ததைச் சொல்லி அவனை அதட்டினேன். போனில் அக்கா, சளி பிடித்த மாதிரி ஒரு குரலில், "தம்பிகிட்ட குடுங்க" என்றாள்.

"சொல்லுக்கா."

"வண்டியைப் போகச் சொல்லிடு. மெஷின் அங்கயே இருக்கட்டும்."

"வரியா?"

"உடனே எப்படிடா? இது இன்னும் தவழவே ஆரம்பிக்கல. கால் ஊனி நடக்கட்டும். பொண்ணும் வேலைக்குப் போக ஆரம்பிச்சு ஒரு ஒழுங்குக்கு வரட்டும். அவகிட்ட நான் பேசிக்கிறேன். ஆனா வருவேன். மெஷின் அங்கதானே இருக்கு, வராம எங்க போவேன்?" மூக்கை உறிஞ்சினாள். "ஊசியை மாட்டி எண்ணெய் விட்டு வைக்கச் சொல்லு. அப்புறம் உங்க அத்தான்கிட்ட சொல்லு, காதுக்குப் பின்னாடி நல்லாத் தேய்ச்சுக் குளிக்கணும். அங்கதான் எப்பவும் கோட்டை விடுவாரு."

வேன்காரனுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். திரும்பி வந்தபோது அத்தான் பாதிக் கயிற்றை அவிழ்த்திருந்தார். போட்ட முடிச்சை அவராலேயே அவிழ்க்க முடியவில்லை. "கட்டுறப்ப கை என் பேச்சைக் கேக்கல மாப்ள" என்றார். கத்தியால் அறுத்தோம். இரண்டு பேரும் தூக்கி, தரையில் இருந்த நான்கு தடத்தின் மேலேயே கச்சிதமாக வைத்தோம்.

இப்போது மழைக்காலம் தாண்டிவிட்டது. குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை போனில் அத்தான் முதலில் விசாரிப்பது அதைத்தான். "கையை விட்டுச்சா?" என்பார். "அதுக்கென்ன அவசரம்?" என்று அக்கா சிரிப்பாள். காலையில் எலி அறைக் கண்ணாடி வழியாக நான் எட்டிப் பார்ப்பதுண்டு. வெள்ளைக் கோட்டில், கையை மடிமேல் வைத்துக்கொண்டு, முக்காலியில் அசையாமல் உட்கார்ந்திருப்பார். முதலில் எலிகள் மூலையில் ஒண்டியிருக்கும். கொஞ்ச நேரம் போனதும் ஒன்றன் மீசை ஆடும். பிறகு இன்னொன்று முன்னங்காலைத் தூக்கி முகம் துடைக்கும். எல்லாம் அதது வேலையைப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் அவர் எழுவார். சும்மாக்காரர்களுக்குக் கணக்கு சரியாக வருகிறது என்றார் டாக்டரம்மா. இவருடைய வாலில் ரத்தம் எடுத்துப் பார்க்க வழியில்லை.

நேற்று சாயங்காலம் மெஷின் பெல்ட் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். அத்தான் அப்போதுதான் குளித்துவிட்டு, தலை சொட்டச் சொட்டப் படியில் வந்து நின்றார். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே போகவில்லை; கழுத்தை லேசாகச் சாய்த்து நின்றுகொண்டிருந்தார்.

"நான் வேணா மோந்து பார்க்கட்டுமா அத்தான்?"

"நீ வேண்டாம்" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனார்.